கலவையைப் பிரிக்கிறது, பிரிச்சது என்னன்னு கண்டுபிடிக்கிறது: லேப்ல அடிக்கடி வர்ற கேள்விகள்

கெமிஸ்ட்ரி லேப்ல புதுசா வர்றவங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன். வரிசையா படிக்கணும்னு அவசியம் இல்ல, உங்களுக்கு மாட்டுன பிரச்சனைக்கு நேரா போயிடுங்க.

இத்தனை டெக்னிக் இருக்கே, எதை எப்போ எடுக்கணும்னு எப்படி முடிவு பண்றது?

டெக்னிக் பேரையெல்லாம் மனப்பாடம் பண்றத விட்டுட்டு, கலந்து கிடக்கிற ரெண்டு பொருளுக்கும் எந்தக் குணத்துல வித்தியாசம் இருக்குன்னு மட்டும் கேளுங்க, பதில் தானா வந்துடும். கொதிநிலைல வித்தியாசம்னா டிஸ்டிலேஷன். ஒண்ணு தண்ணில கரையும் இன்னொண்ணு ஈதர்ல கரையும்னா எக்ஸ்ட்ராக்‌ஷன். ரெண்டுமே ஒரே சால்வென்ட்ல (கரைக்கிற திரவத்துல) கரையுது ஆனா ஒண்ணு சூட்டுல மட்டும் நல்லா கரையுதுன்னா ரீகிரிஸ்டலைசேஷன். சிலிக்கா மேல ஒட்டுற அளவு வேறன்னா குரோமட்டோகிராஃபி, சார்ஜ் வேறன்னா எலக்ட்ரோஃபோரெசிஸ். ஒரு வித்தியாசமும் தெரியலன்னா நாமளே ஒண்ண உண்டாக்கலாம், அமிலத்த உப்பா மாத்தி தண்ணிக்குள்ள இழுக்கிற மாதிரி. அது கீழ வருது.

பிரிச்சாச்சுன்னா அது என்னன்னு தெரிஞ்ச மாதிரிதானே?

இல்லவே இல்ல, எல்லாரும் வழுக்குற இடம் இதுதான். டிஎல்சி (சிலிக்கா பூசின பிளேட்ல சால்வென்ட்ட ஏற விட்டுப் பிரிக்கிற முறை) பிளேட்ல ஒரே ஸ்பாட் வந்தா "ப்யூர் ஆயிடுச்சு"ன்னு குதிப்பாங்க. அந்த சால்வென்ட்ல ரெண்டு பொருள் ஒரே உயரத்துக்குப் போயிருக்கலாம், இல்ல ரெண்டாவது பொருள் யூவி லைட்ல தெரியாததா இருக்கலாம். பிரிக்கிறதுங்கிறது "இதுல எத்தனை பேர் இருக்காங்க"ன்னு சொல்றது, அடையாளம் காண்றதுங்கிறது "இவர் யாரு"ன்னு சொல்றது. முதல் கேள்விக்கு ரெண்டு வேற வேற சால்வென்ட்ல ஓட்டிப் பாக்கணும், ரெண்டாவதுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு மூணு சோதனையாவது ஒத்துப்போகணும்.

டிஎல்சி பிளேட்ல ஏன் பென்சில்லதான் கோடு போடணும்? பேனா ஆகாதா?

பேனா மை சாயக் கலவை. சால்வென்ட் ஏறும்போது அதுவும் கூடவே ஏறும், உங்க சாம்பிள் பக்கத்துல நீலமும் ஊதாவுமா தனி ஸ்பாட்டா பிரிஞ்சு நிக்கும். நான் முதல் தடவ பேனாவுலதான் போட்டேன், சாம்பிள்ல ஒண்ணும் பிரியல, கோடு மட்டும் அழகா மூணா பிரிஞ்சுது. பென்சில்ல இருக்கிறது கிராஃபைட்டு, எந்த சால்வென்ட்லயும் கரையாது, போட்ட இடத்துலயே கிடக்கும். அதுவும் அழுத்திக் கிழிக்காம லேசா போடணும், இல்லன்னா சிலிக்கா பேத்துக்கிட்டு வந்துடும்.

ஸ்பாட் வைக்கிறப்ப கேப்பிலரிய (மெல்லிய கண்ணாடிக் குழாய) பிளேட்ல அமுக்கக் கூடாது, தொட்டும் தொடாம எடுத்துடணும், ஸ்பாட் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல பரவக் கூடாது. சாம்பிள் நீர்த்துப் போயிருந்தா ஒரே இடத்துல காய விட்டுக் காய விட்டு ரெண்டு மூணு தடவ வைங்க. அடுத்தது சால்வென்ட் மட்டம். ஸ்பாட் வச்ச கோட்டுக்குக் கீழதான் அது நிக்கணும். மேல போயிட்டா சாம்பிள் பிளேட்ல ஏறாது, அடியில இருக்கிற சால்வென்ட்லயே கரைஞ்சு போயிடும்.

புத்தகத்துல போட்டிருக்கிற ஆர்எஃப் மதிப்பு எனக்கு வரவே மாட்டேங்குதே?

வராது, வரலன்னு கவலப்படவும் வேணாம். ஆர்எஃப்னா ஸ்பாட் போன தூரத்த சால்வென்ட் போன தூரத்தால வகுக்கிறது, ஸ்பாட் 3 சென்டிமீட்டரும் சால்வென்ட் 6 சென்டிமீட்டரும் போயிருந்தா 0.5, அவ்வளவுதான். ஆனா சிலிக்கால எவ்வளவு ஈரம் இருக்கு, சேம்பர்ல ஆவி நிறைஞ்சிருந்துச்சா, சால்வென்ட் கலவைல எது கொஞ்சம் ஆவியாப் போச்சு, அன்னிக்கு ரூம் சூடு எவ்வளவு, எல்லாமே அந்த நம்பர ஆட்டும். அதனால ஒரே பிளேட்ல தெரிஞ்ச பொருளையும் உங்க சாம்பிளையும் பக்கத்துப் பக்கத்துல வைங்க, நடுவுல மூணாவதா ரெண்டையும் ஒரே புள்ளில ஒண்ணு மேல ஒண்ணா வைங்க, கோ-ஸ்பாட்னு சொல்வோம். நடு ஸ்பாட் ரெண்டா பிரிஞ்சா ரெண்டும் வேற வேற பொருள், சந்தேகமே இல்ல. பிரியலன்னா "ஒண்ணா இருக்கலாம்", அதுக்கு மேல சொல்ல முடியாது.

ஸ்பாட்டே தெரியலையே, பொருளுக்குக் கலர் இல்ல.

254 நானோமீட்டர் யூவி விளக்குல பாருங்க. எஃப்254னு போட்டிருக்கிற பிளேட்ல ஒளிரும் பொடி கலந்திருக்கும், பிளேட் முழுக்க பச்சையா மின்னும், யூவிய உறிஞ்சுற பொருள் இருக்கிற இடம் மட்டும் இருட்டா தெரியும். தெரிஞ்ச உடனே பென்சில்ல சுத்தி வட்டம் போட்டுடுங்க, விளக்க அணைச்சா போயிடும். யூவில தெரியாததுக்கு அயோடின் படிகம் போட்ட பாட்டில்ல பிளேட்ட வைங்க, பழுப்பா வரும், வெளிய எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல மங்கிடும். அமினோ அமிலம்னா நின்ஹைட்ரின் தெளிச்சு சூடு காட்டுங்க, ஊதா வரும், ப்ரோலின் மட்டும் மஞ்சள். பெர்மாங்கனேட்டும் நல்லா வேலை செய்யும், ஊதா பின்னணில மஞ்சள் ஸ்பாட். நின்ஹைட்ரின் கைல பட்டா விரலும் ஊதாவாயிடும், எத்தன தடவ சோப்பு போட்டாலும் போகாது, கிளவ்ஸ் போட்டுக்குங்க.

ஸ்பாட் வட்டமா இல்லாம வால் நீட்டிக்கிட்டு வருது, ஏன்?

சாம்பிள் ஜாஸ்தியா வச்சிருப்பீங்க, பெரும்பாலும் அதுதான். நீர்த்து வச்சும் வால் போகலன்னா பொருள் அமிலமாவோ அமீனாவோ இருக்கும். அமிலம்னா சால்வென்ட்ல ஒரு துளி அசிட்டிக் ஆசிட், அமீன்னா கொஞ்சம் ட்ரைஎத்திலமீன். சிலிக்காவே லேசான அமிலம், அமீன்கள் அதுல பிசின் மாதிரி ஒட்டிக்கும்.

காலம் (சிலிக்கா அடைச்ச குழாய்) போடும்போது எல்லாம் கலந்தே வெளிய வருது. எங்க தப்பு?

காலம் ஓட்டுறதுக்கு முன்னாடியே தப்பு நடந்திருக்கும். டிஎல்சில உங்க பொருள் 0.25, 0.3 பக்கம் நிக்கிற சால்வென்ட்டா கண்டுபிடிச்சுட்டுதான் காலத்துக்கே போகணும். டிஎல்சில 0.7ல நிக்கிற பொருள் காலத்துல மத்ததையும் கூட்டிக்கிட்டு ஓடிப்போயிடும்.

அப்புறம் பேக்கிங். சிலிக்காவ சால்வென்ட்ல கூழ் மாதிரி கலக்கி ஊத்தி, பக்கத்துல தட்டிக்கிட்டே இருங்க, காத்துக் குமிழ் எல்லாம் மேல வந்துடும். ஒரு தடவ ஊத்துனதுக்கு அப்புறம் சால்வென்ட் மட்டம் சிலிக்காவுக்குக் கீழ இறங்கவே கூடாது, இறங்குனா விரிசல் விழும், விரிசல் வழியா கலவை குறுக்குவழில ஓடிடும். சாம்பிள எவ்வளவு கம்மி சால்வென்ட்ல கரைக்க முடியுமோ அவ்வளவுல கரைச்சு மெலிசான பட்டையா வைங்க, தொடக்கத்துலயே பட்டை 3 சென்டிமீட்டர் தடிமனா இருந்தா கடைசில அது இன்னும் அகலமாத்தான் வரும். சில பேர் சோம்பேறித்தனத்துல சால்வென்ட்ட திடீர்னு பல மடங்கு போலரா (தண்ணி மாதிரி மின்முனைத் தன்மை உள்ளதா) மாத்துவாங்க, வேணாம், மெல்ல மெல்ல ஏத்துங்க.

இந்த முறைக்குப் பேர் வச்சது மிகைல் ஸ்வெட்னு ஒரு ரஷ்யத் தாவரவியலாளர், இலையோட நிறமிகள சுண்ணாம்புத் தூள் அடைச்ச குழாய்ல ஓட்டி பச்சையும் மஞ்சளுமா பட்டை பட்டையா பிரிச்சார், 1906ல "குரோமட்டோகிராஃபி"ன்னு எழுதுனார். அதுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. மார்ட்டினும் சிஞ்சும் பார்ட்டிஷன் குரோமட்டோகிராஃபிக்காக 1952ல நோபல் வாங்குனாங்க. இன்னிக்கு லேப்ல எல்லாரும் பண்ற ஃபிளாஷ் காலம், அதாவது காத்தழுத்தம் குடுத்து வேகமா ஓட்டுறது, 1978ல வந்த வழி.

செப்பரேட்டிங் ஃபனல்ல எது ஆர்கானிக் லேயர், எது தண்ணி லேயர்?

மேல இருக்கிறதுதான் ஆர்கானிக்னு நினைச்சுக்கிட்டா ஒருநாள் அழுவீங்க, நான் அழுதிருக்கேன். ஈதர்லயே பழகுன கை, ஈதர் அடர்த்தி 0.71, தண்ணிக்கு மேல மிதக்கும். ஒருநாள் டைகுளோரோமீத்தேன் வந்துச்சு, அடர்த்தி 1.33, கீழ போயிடும். நான் வழக்கம்போல கீழ் லேயர வேஸ்ட் கேன்ல இறக்கிட்டு மேல இருந்த தண்ணிய ரோட்டாவேப்ல (அழுத்தம் குறைச்சு சால்வென்ட்ட ஆவியாக்குற கருவி) போட்டு ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் மிஞ்சல, ரெண்டு நாள் வேலை கேனுக்குள்ள. அன்னையிலருந்து ரெண்டு விஷயம் விடாம பண்றேன். சந்தேகம் வந்தா ஃபனல்ல ஒரு துளி தண்ணி விட்டு அது எந்த லேயர்ல போய்ச் சேருதுன்னு பாக்குறது ஒண்ணு. பொருள் கைக்கு வந்து எடை போடுற வரைக்கும் எந்த லேயரையும் கொட்டாம லேபிள் ஒட்டி வைக்கிறது இன்னொண்ணு.

குலுக்குறப்ப முதல்ல மெதுவா ஒரு தடவ கவுத்துட்டு குழாய மேல பாக்க வச்சு, ஆள் இல்லாத பக்கமாத் திருப்பி திறந்துவிடுங்க, உள்ள இருக்கிற அழுத்தம் உஸ்ஸுனு போகும். பைகார்பனேட் போட்டிருந்தா இன்னும் அடிக்கடி திறக்கணும், கார்பன் டை ஆக்ஸைடு வந்துக்கிட்டே இருக்கும்.

ரெண்டு லேயரும் பிரியாம நடுவுல நுரையா நிக்குது, என்ன பண்றது?

அடர்த்தியான உப்புத் தண்ணி ஊத்தி லேசா சுழட்டுங்க, கொஞ்ச நேரம் விட்டுடுங்க. அதுக்கும் அசையலன்னா மொத்தத்தையும் செலைட் (வடிகட்டப் பயன்படுத்துற பொடி) வழியா வடிகட்டுங்க. அடுத்த தடவ அவ்வளவு வேகமா குலுக்காதீங்க, வேற ஒண்ணும் இல்ல.

100 மில்லி சால்வென்ட்ட ஒரே தடவயா ஊத்தலாமா, பிரிச்சுப் பிரிச்சு ஊத்தணுமா?

கணக்கு போட்டுப் பாருங்க. 100 மில்லி தண்ணில பொருள் இருக்கு, அது ஆர்கானிக்குக்கு நாலு மடங்கு ஆசையா போகுதுன்னு வச்சுக்குங்க. 100 மில்லிய ஒரே தடவ ஊத்துனா தண்ணில 20 சதவீதம் தங்கிடும். 50, 50ன்னு ரெண்டு தடவ பண்ணா 11 சதவீதம்தான் தங்கும், மூணா பிரிச்சா 8 சதவீதத்துக்கு வந்துடும். சால்வென்ட் மொத்தம் அதே 100 மில்லிதான். நாலு, அஞ்சுன்னு போகப்போக லாபம் குறைஞ்சுடும், அதான் எல்லாரும் மூணோட நிறுத்திக்கிறாங்க.

அமிலத்த தண்ணிக்குள்ள இழுக்கிறதுன்னு சொன்னீங்களே, அது எப்படி?

பென்சோயிக் ஆசிட், ஃபீனால், நாஃப்தலீன் மூணும் ஈதர்ல கரைஞ்சு கிடக்குன்னு வைங்க. சோடியம் பைகார்பனேட் கரைசல் ஊத்திக் குலுக்குனா பென்சோயிக் ஆசிட் மட்டும் சோடியம் பென்சோயேட்டா மாறி தண்ணிக்கு இறங்கிடும், ஃபீனால் ரொம்ப பலவீனமான அமிலம், அது பைகார்பனேட்டுக்கு அசையாது. அந்தத் தண்ணிய தனியா எடுத்து வச்சுட்டு, மிச்ச ஈதர்ல சோடியம் ஹைட்ராக்ஸைடு ஊத்துங்க, இப்போ ஃபீனால் இறங்கும். நாஃப்தலீன் அமிலமும் இல்ல காரமும் இல்ல, ஈதர்லயே உக்காந்திருக்கும். முதல் தண்ணில ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ட துளித்துளியா விட்டீங்கன்னா தெளிவா இருந்த கரைசல் பால் மாதிரி வெளுத்து பென்சோயிக் ஆசிட் பஞ்சு பஞ்சா விழும், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அது சலிக்கல.

டிஸ்டிலேஷன்ல எப்போ சாதாரணம், எப்போ ஃப்ராக்‌ஷனல், எப்போ வேக்குவம்?

கொதிநிலை வித்தியாசம் 25 டிகிரிக்கு மேல நல்லாவே இருந்தா சாதாரணம் போதும், அதுக்குள்ளன்னா ஃப்ராக்‌ஷனேட்டிங் காலம் (ஆவி ஏறிப் போற நீளக் குழாய்) வேணும். கொதிக்கிறதுக்கு முன்னாடியே கருகிப்போற பொருள்னா வேக்குவம், அழுத்தம் குறைஞ்சா கம்மி சூட்டுலயே கொதிச்சுடும். தண்ணில கரையாத, ஆனா ஆவியோட சேந்து வரக்கூடிய எண்ணெய் மாதிரி பொருள்னா ஸ்டீம் டிஸ்டிலேஷன், ரெண்டோட ஆவி அழுத்தமும் சேந்துக்கிறதால 100 டிகிரிக்குக் கீழயே வந்துடும். தெர்மாமீட்டர் குமிழ் பக்கக் குழாயோட வாய்க்குக் கொஞ்சம் கீழ இருக்கணும், மேல தூக்கி வச்சா கம்மியா காட்டும்.

எத்தனாலும் தண்ணியும் மட்டும் எவ்வளவு நீள காலம் போட்டாலும் முழுசா பிரியாது. எடைல 95.6 சதவீதம் எத்தனால் வந்ததும் ரெண்டும் சேந்து 78.2 டிகிரில ஒரே பொருள் மாதிரி கொதிக்கும், திரவத்துல என்ன விகிதமோ ஆவிலயும் அதே விகிதம், பிரிக்கிறதுக்கு வித்தியாசமே கிடையாது. மிச்சத் தண்ணிய மாலிக்குலர் சீவ் (தண்ணிய உறிஞ்சுற நுண்துளை மணிகள்) போட்டுதான் எடுப்பாங்க.

பாய்லிங் சிப் (திரவம் சீரா கொதிக்கப் போடுற சின்னத் துண்டு) போட மறந்துட்டேன், இப்போ போடலாமா?

சூடா இருக்கும்போது போடவே போடாதீங்க. கொதிநிலை தாண்டி சூடேறி அமைதியா நிக்கிற திரவத்துல சிப் விழுந்தா ஒட்டுமொத்தமா பொங்கி மூஞ்சில அடிக்கும். அடுப்ப அணைச்சு நல்லா ஆற விட்டு அப்புறம் போடுங்க. ஈதர் வகை சால்வென்ட்ட கடைசிச் சொட்டு வரைக்கும் வத்த விடவும் கூடாது, நாள்பட்டதுல பெராக்ஸைடு சேந்திருக்கும், அடியில செறிஞ்சு வெடிக்கும்.

ரீகிரிஸ்டலைஸ் பண்ணேன், படிகமே விழல.

தொண்ணூறு சதவீதம் சால்வென்ட் அதிகமா ஊத்தியிருப்பீங்க. பென்சோயிக் ஆசிட்ட எடுத்துக்குங்க, 25 டிகிரில ஒரு லிட்டர் தண்ணில 3.4 கிராம்தான் கரையும், கொதிக்கிற தண்ணில 50 கிராமுக்கு மேல கரையும், இந்த இடைவெளிதான் நமக்குச் சோறு போடுது. கொதிக்கக் கொதிக்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கரைஞ்ச உடனே நிறுத்தணும், பயத்துல ரெண்டு மடங்கு ஊத்துனா ஆறுனதுக்கு அப்புறமும் கரைசல்லயே தங்கிடும், பாதிய ஆவியாக்கிட்டுத் திரும்ப முயற்சி பண்ணுங்க. கண்ணாடிக் கம்பியால குடுவைச் சுவத்த உள்பக்கமா சுரண்டிப் பாருங்க, கீச்சுன்னு சத்தம் கேக்கும், சில நேரம் அந்தக் கோட்டுலருந்தே படிகம் கிளம்பும். பழைய படிகம் ஒரு துணுக்கு இருந்தா உள்ள போடுங்க. அவசரத்துல நேரா ஐஸ்ல வைக்காதீங்க, அழுக்கையும் உள்ள அடைச்சுக்கிட்டு பொடியா விழும்.

உருகுநிலை ஒத்துப்போச்சு, இப்போவாவது அந்தப் பொருள்தான்னு சொல்லலாமா?

யூரியாவும் 133 டிகிரி பக்கம்தான் உருகும், சின்னமிக் ஆசிட்டும் அதே 133 பக்கம்தான். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஆனா ரெண்டையும் சேத்து அரைச்சு உருக்குனா ரொம்பக் கீழயே ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டு உருகும். அதான் கலப்பு உருகுநிலைச் சோதனை, உங்க சாம்பிளோட உண்மையான பொருள கலந்து உருக்குங்க, உருகுநிலை இறங்காம இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு நம்பலாம். கடைசி பத்துப் பதினஞ்சு டிகிரில நிமிஷத்துக்கு 1, 2 டிகிரிக்கு மேல சூடேத்தாதீங்க, வேகமா ஏத்துனா தெர்மாமீட்டரும் சாம்பிளும் ஒரே சூட்டுல இருக்காது.

ஃப்ளேம் டெஸ்ட்ல எதப் போட்டாலும் மஞ்சளாவே எரியுது!

சோடியம். விரல் வேர்வைல இருக்கு, தூசில இருக்கு, 589 நானோமீட்டர்ல அது கத்துற கத்துல மத்த கலரெல்லாம் அமுங்கிப் போயிடும். கம்பிய அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல முக்கி, கலரே வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் சுடுங்க. பொட்டாசியத்தோட வெளிர் ஊதாவ கோபால்ட் நீலக் கண்ணாடி வழியா பாருங்க, மஞ்சள அது தடுத்துடும். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் ரத்தச் சிவப்பு, இந்த ரெண்ட கண்ணால பிரிச்சுச் சொல்றவங்க சொல்லலாம், எனக்கு இன்னும் சந்தேகம்தான். கண்ணுக்குப் பதிலா ஸ்பெக்ட்ரோஸ்கோப் வச்சா அந்தச் சந்தேகமே வராது. பன்சனும் கிர்ச்சாஃபும் மினரல் தண்ணிய வத்தவச்சு மிச்சத்த சுடர்ல காட்டி, அதுவரைக்கும் யாரும் பாக்காத ரெண்டு நீலக் கோட்டப் பாத்தாங்க, அதுதான் சீசியம், 1860. அடுத்த வருஷமே சிவப்புக் கோட்டால ருபிடியம் மாட்டுச்சு.

இவ்வளவு மெஷின் இருக்கும்போது சால்ட் அனாலிசிஸ் (உப்புல என்ன அயனி இருக்குன்னு சோதிக்கிறது) எதுக்கு?

மெஷினுக்குப் போட்டியா இல்ல, யோசிக்கப் பழகுறதுக்கு. சில்வர் நைட்ரேட் ஊத்துனா வெள்ளை வீழ்படிவு, உடனே குளோரைடுனு எழுதிடுறாங்க. கார்பனேட்டும் வீழ்படிவு குடுக்குமே, அதனாலதான் முதல்ல நீர்த்த நைட்ரிக் ஆசிட் விடுறோம். அப்புறம் அம்மோனியா ஊத்திப் பாக்கணும், சில்வர் குளோரைடு சுலபமா கரையும், புரோமைடுக்கு அடர் அம்மோனியா வேணும், அயோடைடு கரையவே கரையாது. லசேன் சோதனைல (கரிமப் பொருள சோடியத்தோட உருக்கிப் பாக்குறது) நைட்ரஜன் இருந்தா கரைசல்ல சயனைடு இருக்கும், அதுவும் வெள்ளையா விழும், அதனால நைட்ரிக் ஆசிட் போட்டு ஃப்யூம் ஹூடுக்குள்ள கொதிக்க வச்சு அத விரட்டிட்டுதான் ஹாலஜன் பாக்கணும். "வேற எதுவும் இதே ரிசல்ட் குடுக்குமா"ன்னு கேக்குற பழக்கம் இங்கதான் வரும், மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறோட நிறையக் காட்டுற படம்) பாக்கும்போதும் அதே கேள்விதான்.

ஜிசியா ஹெச்பிஎல்சியா?

ஜிசி பொருள ஆவியாக்கிப் பிரிக்கும், ஹெச்பிஎல்சி அழுத்தத்துல திரவத்த ஓட்டிப் பிரிக்கும். உங்க பொருள் சிதையாம ஆவியாகுமா? ஆமான்னா ஜிசி, இல்லன்னா ஹெச்பிஎல்சி. சர்க்கரை மாதிரி பொருள நேரா ஜிசில போட்டா கருகும், சைலைல் குரூப் மாட்டி ஆவியாகுற மாதிரி மாத்திட்டுப் போடலாம். ஹெச்பிஎல்சில பொதுவா சி18 காலம்தான் (எண்ணெய்த்தன்மையான சங்கிலி பூசினது) இருக்கும், டிஎல்சிக்குத் தலைகீழ், போலரானது முதல்ல வெளிய வரும், புதுசா வர்றவங்க இதுல குழம்புவாங்க. 0.45 மைக்ரான் ஃபில்டர் இல்லாம எதையும் உள்ள விடாதீங்க. பாஸ்பேட் பஃபர் ஓட்டிட்டு நேரா முழு அசிட்டோநைட்ரைலுக்குப் போனா உப்பு லைன்லயே படிஞ்சு அடைச்சுக்கும், நடுவுல தண்ணி கலந்து கழுவுங்க. ரெண்டுலயுமே ரிட்டென்ஷன் டைம்ங்கிறது ஆர்எஃப் மாதிரிதான், ஒத்துப்போனா "இருக்கலாம்", அதனாலதான் பின்னாடி மாஸ் டிடெக்டர மாட்டுறாங்க.

ஐஆர், என்எம்ஆர், மாஸ் மூணும் வேணுமா?

ஐஆர் எந்தப் பிணைப்பு இருக்குன்னும், என்எம்ஆர் ஹைட்ரஜன் எந்தச் சூழல்ல இருக்குன்னும், மாஸ் மூலக்கூறோட நிறையையும் சொல்லும். எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் ரெண்டுமே நிறை 46. மாஸ்ல மூலக்கூறு அயனிய மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணு. ஐஆர்ல எத்தனால் 3300 பக்கம் அகலமா ஒரு பட்டை காட்டும், ஈதர் காட்டாது. புரோட்டான் என்எம்ஆர்ல ஈதருக்கு ஒரே ஒரு சிக்னல், எத்தனாலுக்கு மூணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சொல்லுது. குளோரின் இருந்தா மாஸ்ல ரெண்டு அலகு தள்ளி மூணுக்கு ஒண்ணுன்னு ஜோடிப் பீக், புரோமின்னா கிட்டத்தட்ட சரிசமமா ரெண்டு, இத ஐஆர் வச்சு இவ்வளவு தெளிவாச் சொல்ல முடியாது. குளோரோஃபார்ம்-டில (என்எம்ஆருக்குப் போடுற சால்வென்ட்) எடுத்த என்எம்ஆர்ல 4.12, 2.05, 1.26ல பீக் தெரிஞ்சா புது மூலக்கூறு கண்டுபிடிச்சுட்டதா சந்தோஷப்படாதீங்க, காலம் ஓட்டுன எத்தில் அசிடேட் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கு, பம்ப்புல இன்னும் கொஞ்ச நேரம் போடுங்க.

எல்லாக் குணமும் ஒண்ணா இருக்கிற ரெண்டு பொருள பிரிக்க முடியுமா?

கண்ணாடிப் பிம்ப மூலக்கூறுகளக் கேக்குறீங்க. உருகுநிலை ஒண்ணு, கொதிநிலை ஒண்ணு, சாதாரண சிலிக்கால ஆர்எஃப்பும் ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் சாஞ்ச இன்னொரு பொருள் பக்கத்துல வந்தாதான் வித்தியாசம் வெளிய வரும், அதனால அப்படி ஒரு பக்கம் சாஞ்ச பொருள் பூசின கைரல் காலம் ஓட்டுவாங்க, இல்ல கைரல் அமீனோட உப்பாக்கிப் படிகமாக்குவாங்க. பாஸ்டர் 1848ல இது எதுவுமே இல்லாம பண்ணார். சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்கள்ல சிலது வலது பக்கமும் சிலது இடது பக்கமும் சாஞ்ச முகத்தோட இருக்கிறதப் பாத்து, ஒவ்வொண்ணா கையால பொறுக்கி ரெண்டு குவியலா வச்சார். தனித்தனியா கரைச்சு ஒளிய விட்டா ஒண்ணு வலப்பக்கம் திருப்புது, இன்னொண்ணு அதே அளவு இடப்பக்கம். சுமார் 27 டிகிரிக்குக் கீழதான் அந்த உப்பு அப்படி ரெண்டு விதமா தனித்தனியா படிகமாகும், அன்னிக்கு அவரோட ரூம் கொஞ்சம் சூடா இருந்திருந்தா பொறுக்குறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது.